மேஸ்திரிக்குச் சர்க்கரை

புதிதாகக் கால்நடை மருத்துவம் பார்க்க வந்திருக்கும் உங்களுக்கு, மருந்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. இன்சுலின் வகைகளும் அளவும் உணவுமுறையும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பூனையின் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, எச்சில் விழுங்கும் நேரத்தில் சர்க்கரை அளவைச் சொல்லிவிடுகிறீர்கள். நான் சொல்லப்போவது ஒரு வாக்கியத்தைப் பற்றி. அதைச் சொன்னவன் நான். அந்த வாக்கியத்தால் ஒரு பூனை சாகக் கிடந்தது, ஒரு பெண் தெருவில் தலைகுனிந்து நடந்தாள். இதைச் சிரிப்புக் கதையாகத்தான் என்னால் சொல்ல முடியும், ஏனென்றால் நடந்தது அப்படித்தான். நீங்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நான் சிரிப்பதில்லை.

அரசு மருந்தகங்களில் பசு, எருமை, ஆடு என்று முப்பது ஆண்டுக்கு மேல் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்றதும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். உள்ளே ஒரு மேசை, வெளியே ஒரு பெஞ்சு. நெசவுத் தெருக்கள் என்பதால் பூனைகள் அதிகம். எலி பட்டு நூலைக் கடிக்கும், எலியைப் பூனை கடிக்கும், பூனை என்னைக் கடிக்கும். இப்படியாக என் பிழைப்பு நடந்தது.

எத்திராஜ் முதன்முதலில் என்னிடம் வந்தது பூனைக்காக அல்ல. தன் காலைக் காட்ட வந்தார். அறுபது வயதிருக்கும். தறிக்காரர். வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக் காலை மேசையின் விளிம்பில் வைத்தார். பாதம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

"எறும்பு சார். தறிக்குழியில கால வெச்சாப் போதும், கடிச்சிக்கினே இருக்குது."

"இதுக்கு மனுஷ டாக்டர்கிட்ட இல்ல போகணும், எத்திராஜ்?"

"போனேன் சார். களிம்பு குடுத்தாரு. களிம்பு பூசிக்கினு குழியில எறங்குனா அதே எறும்பு அதே கால்ல கடிக்குது. களிம்பு வேணாம் டாக்டர், எறும்ப நிறுத்தறவரு யாருன்னு கேட்டேன். அவரு உங்கள கைகாட்டிட்டாரு."

கைத்தறியில் நெய்கிறவர் தரையில் வெட்டிய குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, அங்குள்ள மிதிப்பலகைகளை மிதித்தபடிதான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். குழியில் எறும்பு புகுந்தால் அவருக்குப் பிழைப்பில்லை. தின்பண்டம் ஏதாவது குழிக்குள் விழுந்ததா என்று கேட்டேன்.

"தின்பண்டமா? மேஸ்திரிதான் அதுல மூத்திரம் போறாரு. ஒரு நாளைக்கு எட்டுவாட்டி."

நெசவுத் தொழிலில் மேஸ்திரி என்றால் தறிகளை மேற்பார்வை பார்க்கிறவர், மரியாதைக்குரிய ஆள். நான் கொஞ்சம் அதிர்ந்துதான் போனேன். "அவர்கிட்ட எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா கேக்கறாரா? வால தூக்கிக்கினு போயிடறாரு."

தறிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, எந்த வேலையும் செய்யாமல், ஊடை நூலோடு இங்குமங்கும் ஓடுகிற நாடாவை மட்டும் கண்ணால் கண்காணித்து, சாப்பாட்டு நேரத்துக்கு முதலில் எழுந்துபோவதால் அந்தப் பூனைக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். மறுநாள் மேஸ்திரி கூடையில் வந்தார். காவியும் வெள்ளையுமாக, நல்ல கனத்தோடு, சட்டம் பேசுகிற முகம். ரத்தத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியது. பயந்த பூனைக்குச் சர்க்கரை தானாகவே ஏறும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே சிறுநீரையும் பார்த்தேன். அதிலும் சர்க்கரை. குழியில் எறும்பு எனக்கு முன்பே அதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது.

கூடையைத் தூக்கி வந்தவள் எத்திராஜின் மருமகள் செல்வி. ஊர் மாகறல், வேலை ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில். கணவன் தொழிற்சாலை ஷிப்டில் இருப்பவன், வீட்டில் பாதி நாள் தூங்குவான், மீதி நாள் இருக்கமாட்டான். ஆகவே பகலில் வீட்டில் இருப்பது எத்திராஜும் மேஸ்திரியும்தான். ஊசி போடுவது எத்திராஜ் என்றும், வேலை முடிந்து வந்ததும் காதில் குத்தி அளவு பார்த்து நோட்டில் எழுதுவது செல்வி என்றும் முடிவாயிற்று. எத்திராஜுக்கும் சர்க்கரை உண்டு. மகன் வாங்கிக் கொடுத்த கருவி பெட்டி பிரிக்காமல் வீட்டிலேயே இருந்தது. தன் விரலில் குத்திக்கொள்ளப் பயந்தவர், பூனையின் காதுக்கு அதை உடனே தானம் செய்துவிட்டார்.

இனி அந்த வாக்கியம். நான் சொன்னதை ஒரு சொல்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"காலையில ஒரு யூனிட், ராத்திரி ஒரு யூனிட். சாப்பிட்டதும் போட்டுடணும். சாப்பிடலைன்னா போடவே கூடாது, ஆபத்து. நீங்க சக்கரை மாத்திரை போட்டுக்கறீங்க இல்ல, அதே மாதிரிதான்."

"அதே மாதிரிதானா?" என்று கேட்டார் எத்திராஜ்.

"அதே மாதிரிதான்."

"அப்ப மறக்காது சார்" என்றார் மகிழ்ச்சியாக. எனக்கும் மகிழ்ச்சி. ஒரு நோயாளியின் வீட்டாருக்குப் புரியும்படி, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே உதாரணம் எடுத்து விளக்கிவிட்டேன் என்று அன்று மாலை என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

முதல் வாரம் நோட்டில் எண்கள் இறங்கின. செல்வியின் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். தேதி, கிழமை, அளவு, ஓரத்தில் ஒரு குறிப்பு. "மீன் சாப்பிட்டார்." "தண்ணீர் குறைவு." "என் துப்பட்டாவைக் கடித்தார்." எறும்பும் குறைந்தது. ஆனால் சில நாள்களில் மட்டும் எண் திடீரென்று முந்நூற்றைம்பது, நானூறு என்று துள்ளியது. அளவை ஒன்றரை ஆக்கினேன். பிறகு இரண்டு. அப்போதும் துள்ளல் நிற்கவில்லை. அந்த நாள்களின் ஓரத்தில் அவள் "மாமா விரதம்" என்று எழுதியிருந்தாள்.

"சார், மாமா விரதம் இருக்கிற நாள்ல மட்டும்தான் ஏறுது" என்று ஒருமுறை அவளே சொன்னாள்.

விடையின் பாதியை என் கையில் கொடுத்துவிட்டாள். மீதிப் பாதியை அவளிடமே கேட்டிருந்தால் வந்திருக்கும். நான் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை இறக்கி, கிழித்துப் போடாமல் வைத்திருந்த பழைய தாள்களையெல்லாம் மேசைமேல் பரப்பினேன். சனிக்கிழமை, ஏகாதசி, கிருத்திகை, மறுபடி சனிக்கிழமை. எண்ணும் நாளும் அப்படியே பொருந்தின. விரத நாளில் எத்திராஜ் கோயிலுக்குப் போவார். கோயிலுக்குப் போனால் பிரசாதம் வரும். பிரசாதம் என்றால் சர்க்கரைப் பொங்கல். தான் விரதம், ஆகவே அவர் தின்னமாட்டார். வீட்டில் அதைப் பூனைக்குப் போடுவது யார்? மாலையில் முதலில் அதன் பக்கத்தில் போய் உட்காருகிறவள் யார்? என் மூளை அன்று ஓடிய வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்தமுறை மாமனாரும் மருமகளும் சேர்ந்து வந்தபோது காலண்டர்த் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் நாலு பேர். அதில் இரண்டு பேர் அவர்கள் தெரு.

"யாரோ பொங்கல் குடுக்கறாங்க, எத்திராஜ். நோட்டு எழுதறவங்க எல்லாத்தையும் எழுதறதில்ல."

செல்வி என்னையே பார்த்தாள். "நான் குடுக்கல சார்."

"செல்லம் குடுக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கம்மா."

"பூனைக்கு இனிப்பே தெரியாதுன்னு நெட்ல போட்டிருந்துச்சு சார். அப்ப பொங்கல எதுக்கு சாப்பிடுது?"

நியாயமான கேள்வி. பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது என்பதை நான் மாணவனாக இருந்தபோதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். ஆனால் பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். "நெய் தெரியும்மா" என்றேன். பெஞ்சில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஊக்கமாகவும் இருந்தது. அளவை மூன்று யூனிட்டாக ஏற்றினேன். மேஸ்திரியை மருமகளின் கையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லி எத்திராஜுக்கு உத்தரவும் போட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விரத நாளில் அந்த வீட்டுக்குள் கவிச்சி வராது. அந்த நாள்களில் மேஸ்திரி பட்டினி கிடக்கக் கூடாதென்று வேலைக்குப் போவதற்கு முன் பின்பக்கத்தில் தனி அடுப்பு மூட்டி மீன் வேகவைத்துக் கொடுத்துவிட்டுப் போனவள் அந்தப் பெண்தான். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? அந்த மீனிலும் ஏதோ கலக்கிறாள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அன்று எனக்கு என் காலண்டர் அவ்வளவு பிடித்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் செல்வி நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். "நான் தொட்டாதானே குத்தம். இனிமே தொடல" என்றாளாம். இரவு அவள் காலடியில் படுத்துப் பழகிய மேஸ்திரி, சாத்திய கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்தியிருக்கிறார். பிறகு கத்துவதை விட்டுவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டையும் குறைத்துக்கொண்டார். அளவு பார்க்க ஆளில்லை, சாப்பிட்டாரா என்று எழுத ஆளில்லை. மூன்று யூனிட் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் ஒரு முகூர்த்த நாள். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். என் போன் அடித்தது.

"சார், செல்வி பேசறேன். மேஸ்திரி நிக்க முடியாம ஆடறாரு. ரெண்டு அடி வெச்சா சாய்ஞ்சுடறாரு. கண்ணு எங்கயோ பாக்குது."

நான் கேட்ட முதல் கேள்வி, "என்னம்மா குடுத்தே?"

குரல் நிதானமாக வந்தது. "ஊசி குடுத்தோம் சார். ரெண்டு."

"ரெண்டு யூனிட்டா?"

"ரெண்டு ஊசி. மூணு, மூணு."

"ரெண்டு எதுக்கும்மா?"

"மாமா ரெண்டுவாட்டி சாப்பிட்டாரு சார். காலையில ஏழு மணி முகூர்த்தத்துல ஒரு டிபன். வந்து ஒரு ஊசி. அப்புறம் திருப்புட்குழியில ஒரு கல்யாணம், பதினோரு மணிக்குச் சாப்பாடு. திரும்பி வந்து இன்னொரு ஊசி. அதுவும் காலைதானேன்னு சொல்றாரு."

"மாமா சாப்பிட்டா பூனைக்கு ஏன்மா ஊசி?"

"நீங்கதானே சார் சொன்னீங்க, சாப்பிட்டதும் போடணும்னு."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. அந்த வாக்கியம் என் குரலிலேயே காதில் திரும்பி ஓடியது. சாப்பிட்டதும் போட்டுடணும். யார் சாப்பிட்டதும்? நான் சொல்லவில்லை. சாப்பிடலைன்னா போடவே கூடாது. யார்? சொல்லவில்லை. உங்க மாத்திரை மாதிரிதான் என்று மட்டும் சொன்னேன். அந்த மனிதர் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்திருக்கிறார். கல்யாண விருந்தைச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, வெற்றிலையைக்கூடப் போடாமல், டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பூனைக்கு ஊசி போட ஓடி வந்திருக்கிறார்.

"மிஷின எடும்மா. உடனே அளவு பாரு."

"நான் தொடலாமா சார்?"

"பாரும்மா" என்றேன்.

"முப்பத்தொண்ணு."

"வீட்டுல சக்கரை இருக்குதா? தேன்? வெல்லம்?"

"மாமாவுக்குச் சக்கரைன்னு எதுவுமே வாங்கறதில்ல சார்."

பின்னால் எத்திராஜின் குரல் கேட்டது. "கல்யாணப் பையில லட்டு இருந்துச்சே."

"நீங்கதான் வழியிலயே தின்னுட்டீங்களே மாமா" என்று அவள் போனை விலக்கிச் சொன்னதும் கேட்டது. பிறகு என்னிடம், "கல்கண்டு இருக்குது சார். கோயில்ல குடுத்தது. நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னப்புறம், மாமா கொண்டாந்த பொட்டலம் ஒண்ணுகூடப் பிரிக்காம தேதி போட்டு டப்பாவுல வெச்சிருக்கேன். நீங்க வந்தா காட்டலாம்னு."

"எந்தத் தேதியா இருந்தாலும் சரி, இடிச்சு வெந்நீர்ல கரைச்சு ஈறுல தடவும்மா. தொண்டைக்குள்ள ஊத்தாத, புரையேறும். விரல்ல தொட்டுத் தொட்டுத் தடவு. நான் வரேன்."

பிரசாதத்தைத் தடை செய்தவன், பிரசாதத்தைத் தடவச் சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தேன்.

அவர்கள் வீடு எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஸ்திரி செத்துப்போனால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு போனேன். வயதான பூனை, கல்லீரல் கெட்டிருக்கும், இப்படி இரண்டு மூன்று காரணம் தயாராகக்கூட வைத்திருந்தேன். நீங்களும் ஒருநாள் இப்படித் தயார் செய்வீர்கள். செய்யும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனபோது செல்வி தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மேஸ்திரி, அவர் வாயில் அவள் விரல். பக்கத்தில் உடைத்த பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் அச்சுப்போல ஒரு தேதி. எனக்கு எதிரான சாட்சிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எத்திராஜ் கல்யாணப் பட்டு வேட்டியோடும் நெற்றிச் சந்தனத்தோடும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். மேஸ்திரியின் நாக்கு லேசாக அசைந்தது. நரம்பைத் தேடிப் பிடித்துக் குளுக்கோஸ் ஏற்றினேன். இரண்டாவது குத்தில்தான் கிடைத்தது.

சிறிது நேரத்தில் மேஸ்திரி தலையைத் தூக்கினார். அறையைச் சுற்றிப் பார்த்தார், என்னைக் கண்டார், என் கட்டைவிரலைக் கடித்தார். என் வாழ்நாளில் ஒரு கடி அவ்வளவு இனித்ததில்லை.

எத்திராஜ் சுவரை விட்டு முன்னால் வந்தார். "எல்லாம் என் வாயாலதான் சார். இனிமே கல்யாணத்துக்கே போறதில்ல. ஏகாதசி மாதிரி தினமும் பட்டினி கெடந்துடறேன். அந்த நாள்லதான் அவரும் ஊசி இல்லாம நிம்மதியா இருந்தாரு."

"ஏகாதசிக்கு நீங்க ஊசி போடறதில்லையா?"

"நான்தான் சாப்பிடலையே. எப்பிடிப் போடறது? சாப்பிடலைன்னா போடவே கூடாது, ஆபத்துன்னு கண்டிசனா சொன்னீங்களே."

என் காலண்டர், என் தாள்கள், என் பொங்கல் எல்லாம் அந்த ஒரு பதிலில் தறிக்குழிக்குள் விழுந்தன. செல்வி தலை நிமிராமல் பூனையின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்திராஜின் முகம் வாடியிருந்ததால் அவர் விரலிலும் குத்திப் பார்த்தேன். இரண்டு விருந்து, ஒரு லட்டு. அவருக்கு முந்நூற்றுப் பத்து. ஒரே வீட்டில் ஒரே கருவியில் இப்படி இரண்டு எண்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான். நான் என்ன சொன்னேன்? "நீங்க சரியா காதுல வாங்கிக்கல, எத்திராஜ்" என்றேன். அவரும் "ஆமா சார், என் தப்புதான்" என்று கைகூப்பினார். நான் அதை ஏற்றுக்கொண்டு வண்டி ஏறினேன்.

திரும்பும் வழியில் ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயியின் பசுவுக்குப் பூச்சி மருந்து கொடுத்தனுப்பினேன். "காலையில வெறும் வயித்துல குடிச்சிடணும்" என்று சொன்னேன். அவர் குடித்துவிட்டார். பசுவுக்கு வாங்கிய முழு அளவையும். அன்று முழுக்க வயலுக்கும் வீட்டுக்கும் ஓடி, மறுநாள் வந்து, "பசுவுக்கு எப்ப சார் சரியாவும்?" என்று கேட்டார். அந்தக் கதையை இருபது ஆண்டுகளாகக் கூட்டங்களில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த மனிதரின் முட்டாள்தனம்தான் கதையின் வேடிக்கை என்று நினைத்திருந்தேன். அவரும் என் வாக்கியத்தைத்தான் குடித்தார் என்று அன்று மாலை, டிராபிக்கில் நின்றபோதுதான் உறைத்தது. பச்சை விளக்கு விழுந்தும் நான் நகராததால் பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் நல்ல வார்த்தை நாலு சொன்னார். எழுவாயைச் சேர்த்தே சொன்னார்.

அதன்பின் மருத்துவம் சுலபமாகிவிட்டது. ஒரு யூனிட்டுக்கு இறக்கினேன். துண்டுச்சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "பூனை சாப்பிட்ட பிறகு பூனைக்கு ஊசி. பூனை சாப்பிடாவிட்டால் எனக்குப் போன்." படித்துவிட்டு எத்திராஜ், "இவ்ளோ பூனை எதுக்கு சார், எங்க வீட்டுல ஒண்ணுதானே இருக்குது" என்றார். செல்வியின் கதவு திறந்தது. நோட்டும் திறந்தது, இப்போது ஒரு பத்தி கூடுதலாக: "மேஸ்திரி சாப்பிட்டார்", "மாமா சாப்பிட்டார்" என்று தனித்தனியே. எண்கள் விரதம், விருந்து எதையும் சட்டை செய்யாமல் இறங்கின. சீக்கிரம் பிடித்துச் சரியாகக் கவனித்தால் சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. சில மாதங்களில் மேஸ்திரிக்கும் அப்படி ஆயிற்று. ஊசியை நிறுத்தலாம் என்று சொன்ன நாளில் செல்வி மட்டும் கூடையோடு வந்திருந்தாள். பூனை பிழைத்துவிட்டது. அவள் பெயர் பிழைக்கவில்லை. தெருவில் அவளைப் "பொங்கல் குடுத்த பொண்ணு" என்று இன்னும் சொல்கிறார்கள் என்பதை எத்திராஜே விளையாட்டாக என்னிடம் சொல்லியிருந்தார்.

கதவைச் சாத்தினேன். அதுவரை பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"செல்வி, அன்னிக்கு ஒரு தப்பு நடந்துபோச்சும்மா."

அவள் கூடையின் மூடியைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "யாரு சார் பண்ணது?"

"அதாவது, அவசரத்துல சொல்லப்பட்டது..."

"யாருன்னு சொல்லிடுங்க சார். எங்க வீட்டுல மறுபடியும் மாத்திப் புரிஞ்சிக்கப் போறாங்க."

அறுபத்தைந்து வயதில் இலக்கணம் எனக்குக் கசந்தது. "நான்" என்றேன். "நான் பண்ணேன். நீ எதுவும் குடுக்கல. நான் சரியா சொல்லல, உன்கிட்டச் சரியா கேக்கவும் இல்ல."

அவள் தலையாட்டினாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். கூடையைத் தூக்கிக்கொண்டு சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள்.

"அன்னிக்கு இது தொறந்திருந்துச்சு சார். பெஞ்சுல நாலு பேர் இருந்தாங்க."

திறந்தேன். பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். அன்று சிரித்தவர் நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ இந்த முறையும் இருந்தார், கையில் ஒரு கிளிக்கூண்டோடு. பக்கத்தில் நாய்க்குட்டியோடு ஓர் அம்மா. ஓரத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெரியவர், கயிற்றில் ஓர் ஆட்டோடு. மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். ஆடும் நிமிர்ந்தது.

"இந்தம்மா பூனைக்குப் பொங்கல் குடுக்கறாங்கன்னு நான் ஒருநாள் சொன்னேன். அது பொய். இவங்க குடுக்கல. ஊசி எப்பப் போடணும்னு நான்தான் ஒழுங்கா சொல்லத் தெரியாம சொன்னேன். பூனை சாகக் கெடந்ததுக்குக் காரணம் நான். காப்பாத்துனது இவங்க."

கிளிக்கூண்டுக்காரர் செல்வியைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். நாய்க்குட்டி அம்மா, "அப்படியாம்மா" என்று அவளுக்குப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். அந்தப் பெரியவருக்கு மட்டும் பொங்கலும் தெரியாது, பூனையும் தெரியாது. நான் பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்துவிட்டு எழுந்தார்.

"சரி சார். ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடல."

"யாரு?" என்றேன்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆடுதான் சார். நான் நல்லாதான் சாப்பிடறேன்."

செல்வி சிரித்துவிட்டாள். கூடைக்குள்ளிருந்து மேஸ்திரி ஒருமுறை கத்தினார். அதற்குள் நான் ஆட்டின் வாயைப் பிரித்திருந்தேன். ஆகவே அவள் எப்போது படியிறங்கிப் போனாள் என்று எனக்குத் தெரியாது. பெஞ்சில் அவள் விட்டுப்போன கல்கண்டுப் பொட்டலம் ஒன்று இருந்தது. தேதி போட்டிருந்தது. திறந்த கதவுக்கு முன்னால் நான் அவளைக் குற்றம் சொன்ன நாள் அது என்று எனக்குக் காலண்டர் பார்க்காமலே தெரியும்.

அதை நான் பிரிக்கவில்லை. சீட்டு எழுதுகிற மேசையில், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.